முதல் வருட மெக்கானிக்ஸ்: சூத்திரம் தெரிகிறது, கணக்கைத் தொடங்கத் தெரியவில்லை

கேள்வி கேட்டவர்: சிப்புட் தோட்டத்துப் பெண்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் சுங்கை சிப்புட், டவுனில் இல்லை, உள்ளே செம்பனைத் தோட்டத்தில். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முதல் வருடம் படிக்கிறேன், செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஸ்டேட்டிக்ஸ் (அசையாத பொருள்கள்மேல் விசைகள்) எப்படியோ பாஸ். அடுத்த செமஸ்டர் டைனமிக்ஸ் (நகரும் பொருள்கள்) இருக்கிறது, இதே நிலையில் போனால் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது என்று பயமாக இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், லெக்சரர் போர்டில் போடும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. அதே அத்தியாயத்தில் வேறொரு கணக்கை எடுத்து வைத்துக்கொண்டால் முதல் வரி என்ன எழுதுவது என்றே தெரிவதில்லை. எஸ்பிஎம் (படிவம் 5 அரசுத் தேர்வு) இயற்பியலில் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து அதற்குப் பொருந்துகிற சூத்திரத்தைப் போட்டால் விடை வந்துவிடும். இங்கே அது நடக்கவில்லை. நார்மல் விசை (தொடும் பரப்பு தனக்குச் செங்குத்தாகக் கொடுக்கும் விசை) ஒரு கணக்கில் நிறை பெருக்கல் ஜி (புவியீர்ப்பு முடுக்கம்), இன்னொன்றில் கூடவே ஒரு காஸ் (கோணத்தின் கொசைன்) வருகிறது, மூன்றாவதில் இரண்டுமே இல்லை. உராய்வு எந்தப் பக்கம் என்பதை ஊகித்துத்தான் வரைகிறேன். அப்புறம் நியூட்டனின் மூன்றாம் விதி. இரண்டு விசையும் சமம், எதிரெதிர் என்றால் கூட்டினால் பூஜ்யம்தானே, பிறகு எப்படி ஒரு பொருள் நகரும்? யாரிடம் கேட்டாலும் விதி அப்படித்தான் என்கிறார்கள்.

எங்கள் பக்கம் டியூஷன் எல்லாம் படிவம் 5ஓடு முடிந்துவிடும், எஞ்சினியரிங் படித்தவர்கள் தெரிந்த வட்டத்தில் யாரும் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். லீவு முழுக்கப் பழைய வருடக் கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்ப்பதா, இல்லை முதலிலிருந்து தொடங்குவதா? தொடங்கினால் எங்கிருந்து?

பதில்: ஆலை எஞ்சினியர்

தங்கச்சி, நான் படித்தது நிபோங் தெபாலில், இப்போது ஒரு செம்பனை ஆலையில் வேலை. முதலிலிருந்து தொடங்குங்கள். ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து இல்லை, படம் வரைவதிலிருந்து.

நீங்கள் சூத்திரத்தைத் தேடுகிறீர்கள், அதுதான் தடை. ஸ்டேட்டிக்ஸில் தேடுவதற்கு அவ்வளவு சூத்திரம் இல்லவே இல்லை. ஒரு பொருள்மேல் செயல்படும் விசைகளைக் கூட்டினால் பூஜ்யம், அவற்றின் மொமென்டுகளை (விசை × தூரம், அதாவது திருப்பும் விளைவு) கூட்டினால் பூஜ்யம், அவ்வளவுதான் அந்தப் பாடம். டைனமிக்ஸுக்குப் போனால் முதல் பூஜ்யத்தின் இடத்தில் நிறை பெருக்கல் முடுக்கம் வரும். கஷ்டம் எல்லாம் ‘ஒரு பொருள்மேல்’ என்ற அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. எந்தப் பொருள்? அதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்ததைச் சுற்றிக் கோடு போட்டுத் தனியாகப் பிரித்து வரைய வேண்டும், கோட்டுக்கு வெளியே இருந்து அதைத் தொடுகிற ஒவ்வொன்றும் என்ன விசை கொடுக்கிறது என்று அம்பு போட வேண்டும், கடைசியாகப் பூமியின் இழுப்பைச் சேர்க்க வேண்டும். ஃப்ரீ பாடி டயகிராம் என்று லெக்சரர் சொல்வது இதைத்தான். நிறைய பேர் இதைக் கேள்வியின் படத்துக்கு மேலேயே நாலு அம்பு போட்டு முடித்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் எது யார்மேல் செயல்படுகிறது என்பது கலந்துபோகும். தனித்தாளில், தனிப்படம். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் ‘யார் கொடுப்பது’ என்று எழுதுங்கள். கொடுப்பவரைச் சொல்ல முடியாவிட்டால் அந்த விசை கிடையாது, அழித்துவிடுங்கள்.

உங்கள் நார்மல் விசைக் கேள்விக்கே வருவோம். தோட்டத்தில் குலை ஏற்றுகிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை எடுத்துக்கொள்வோம், தினம் பார்க்கிற பொருள். வண்டியும் குலையும் சேர்த்து 120 கிலோ என்று வைப்போம். மொத்த எடை 120 × 9.81 = 1177 நியூட்டன். இந்த எடை செயல்படும் கோடு சக்கர அச்சிலிருந்து 0.5 மீட்டர் பின்னால், கைப்பிடி அச்சிலிருந்து 1.4 மீட்டர் பின்னால். ஆள் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார். பொருள்: வண்டியும் குலையும். தொடுபவர்கள் இரண்டே பேர், தரையும் கையும். பூமியின் இழுப்போடு மூன்று அம்பு.

அச்சைப் பற்றி மொமென்ட் எடுங்கள், தரை கொடுக்கும் விசை அச்சுக்கு நேர் கீழே இருப்பதால் அது கணக்கில் வராது. கை விசை × 1.4 = 1177 × 0.5, ஆக கை தூக்க வேண்டியது சுமார் 420 நியூட்டன். மீதி 757 நியூட்டனைத் தரை சக்கரத்துக்குக் கொடுக்கிறது. பாருங்கள், நார்மல் விசை 757, நிறை பெருக்கல் ஜி இல்லை, காஸும் இல்லை. நார்மல் விசைக்கென்று தனிச் சூத்திரம் கிடையாது. மற்ற விசைகளைச் சமன் செய்ய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அது, அதனால் அதை எப்போதும் தெரியாத எண்ணாக வைத்துச் சமன்பாட்டிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். சமதரையில், வேறு யாரும் தூக்காமல் அழுத்தாமல், செங்குத்தாக முடுக்கமும் இல்லாமல் இருந்தால் விடை நிறை பெருக்கல் ஜி என்று வரும். சரிவில் எடையின் ஒரு கூறு மட்டும் தளத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் காஸ் வருகிறது. எல்லாம் விடைகள், விதிகள் இல்லை.

இன்னும் ஒரு படி போங்கள். குலைகளைச் சக்கரத்தை ஒட்டி முன்னால் அடுக்கி அந்த 0.5ஐ 0.35 ஆக்கினால் கை தூக்க வேண்டியது 294 நியூட்டன்தான். அனுபவமுள்ள ஆட்கள் முன்னால் அடுக்குவது இதனால்தான். ஆனால் சக்கரத்தின் கீழ் 757 இருந்த இடத்தில் 883 ஆகிறது, மழைக்குப் பிறகு மண் இளகியிருந்தால் சக்கரம் இன்னும் ஆழமாகப் புதையும். விடையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல் ஒரு எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், புரிதல் அங்கேதான் வருகிறது.

பதில்: பாலிடெக் பழைய மாணவன்

நான் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு டிகிரிக்குப் போனவன். அண்ணன் சொல்வது சரிதான், ஆனாலும் பழைய கேள்வித்தாளை ஒதுக்கிவிடாதீர்கள். பரீட்சையில் நேரம் என்று ஒன்று இருக்கிறது, கை பழகவில்லை என்றால் புரிந்த கணக்கும் பாதியில் நிற்கும். எனக்கு உதவியது என்னவென்றால், கேள்வித்தாளை எடுத்து முதல் சுற்றில் விடை கண்டுபிடிக்காமல் எல்லாக் கணக்குக்கும் படம் மட்டும் வரைந்து, தெரியாத எண் எத்தனை, சமன்பாடு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது. இரண்டும் சமமாக இருந்தால் கணக்கு முடிந்த மாதிரி, மீதி கால்குலேட்டர் வேலை. ஒரே தளத்தில் உள்ள ஒரு பொருளுக்கு மூன்று சமன்பாடுதான் கிடைக்கும், கிடைமட்டம், செங்குத்து, மொமென்ட். நாலாவது தெரியாத எண் இருந்தால் இன்னொரு பொருளைப் பிரித்து வரைய வேண்டும் என்று அர்த்தம், இல்லாவிட்டால் உராய்வு மாதிரி ஏதோ ஒரு தகவலை இன்னும் பயன்படுத்தவில்லை.

விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், நீங்கள் சொன்ன பிரச்சினையே அதுதான்.

பதில்: இயற்பியல் டீச்சர்

மூன்றாம் விதிக்கும் உராய்வுக்கும் நான் வருகிறேன், ஏனென்றால் பல வருடமாக வகுப்பில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இந்த இரண்டும்தான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் பிள்ளை, இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. 1992இல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டெனஸும் உடன் இருந்த ஆசிரியர்களும் விசையைப் பற்றிய புரிதலை மட்டும் சோதிக்கிற தேர்வு ஒன்றை வெளியிட்டார்கள், கணக்கே கிடையாது, எல்லாம் சாதாரணப் பேச்சில் கேட்கிற கேள்விகள். சூத்திரக் கணக்கை நன்றாகப் போடுகிற பல்கலை மாணவர்களே அதில் திணறினார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் அதற்கு முன்னோடியான இதே வகைத் தேர்வைத் தன் வகுப்பில் வைத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவர் பாடம் நடத்தும் முறையையே மாற்றினார். ஆகவே இதை அறிவுக்குறைவு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

சரி, மூன்றாம் விதி. அந்த இரண்டு விசைகளும் இரண்டு வேறு பொருள்கள்மேல் செயல்படுகின்றன. நீங்கள் வண்டியைத் தள்ளுகிறீர்கள், வண்டி உங்களைத் தள்ளுகிறது. முதலாவது வண்டியின் படத்தில் வரும், இரண்டாவது உங்கள் படத்தில் வரும், இரண்டையும் ஒரே படத்தில் வைத்துக் கூட்ட உங்களுக்கு உரிமையே இல்லை. வண்டி நகருமா என்று தெரிய வண்டியின் படத்தை மட்டும் பாருங்கள்: உங்கள் தள்ளு விசை முன்னால், மண் கொடுக்கும் தடை பின்னால், முதலாவது பெரிது என்றால் முன்னால் முடுக்கம். நீங்கள் ஏன் பின்னால் போகவில்லை? உங்கள் படத்தைப் பாருங்கள்: வண்டி பின்னால் தள்ளுகிறது, உங்கள் காலைத் தரை முன்னால் தள்ளுகிறது. சேற்றில் கால் வழுக்கும்போது தரை அந்த விசையைக் கொடுக்க முடிவதில்லை, அதனால்தான் வண்டியையும் நகர்த்த முடிவதில்லை.

இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. மேசைமேல் புத்தகம். அதன் எடையும் மேசை கொடுக்கும் நார்மல் விசையும் சமம், எதிரெதிர். ஆனால் இவை மூன்றாம் விதி ஜோடி இல்லை! இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன, புத்தகம் அசையாமல் இருப்பதால் சமமாக இருக்கின்றன, அது சமநிலை. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தை மேலே தள்ளுவதற்கு ஜோடி, புத்தகம் மேசையைக் கீழே அழுத்துவது. அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு அம்புக்கும் ‘யார் யாருக்குக் கொடுப்பது’ என்று எழுதினால், பெயர்களை இடம் மாற்றிப் போட்டால் ஜோடி கிடைத்துவிடும்.

உராய்வு. மியூ (உராய்வுக் கெழு) பெருக்கல் நார்மல் என்பது நிலையான உராய்வின் உச்ச அளவு, அந்த எல்லை வரைக்கும் உராய்வு தேவைப்படுகிற அளவு மட்டுமே இருக்கும். திசைக்கு ஒரு கேள்வி போதும்: உராய்வே இல்லாவிட்டால் இந்தப் பரப்பு அந்தப் பரப்பைப் பொறுத்து எந்தப் பக்கம் வழுக்கும்? உராய்வு அதற்கு எதிர்ப்பக்கம். பொருள் போகிற திசைக்கு எதிராகத்தான் உராய்வு இருக்கும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் கணக்கில் விழுவார்கள்: லோரியின் தட்டில் 40 கிலோ பெட்டி, லோரி 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்புகிறது, மியூ 0.5. உராய்வு எவ்வளவு, எந்தப் பக்கம்? உராய்வு இல்லாவிட்டால் லோரி போய்விடும், பெட்டி தட்டின்மேல் பின்னால் வழுக்கும். ஆகவே உராய்வு முன்னால், லோரி போகிற அதே பக்கம். அளவு 40 × 2 = 80 நியூட்டன். உச்ச அளவு 0.5 × 40 × 9.81 = 196 நியூட்டன், 80 அதற்குள் இருப்பதால் பெட்டி வழுக்காது. கண்ணை மூடிக்கொண்டு 196 என்று எழுதினால் தவறு.

லோரி அதே சாலையில் 6 மீ/வி² அளவுக்குப் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டு இங்கே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்: சிப்புட் தோட்டத்துப் பெண்

டீச்சர், அண்ணன்மார் எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தள்ளுவண்டிக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன், குலையை முன்னால் அடுக்குவது சரிதான், ஆனால் ரொம்ப முன்னால் போட்டால் வளைவில் திருப்ப வராது என்றார். அதையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரேக் கணக்கு: பெட்டி வழுக்காமல் இருக்க அதற்கும் 6 மீ/வி² வேகக்குறைவு வேண்டும், அதற்கு 240 நியூட்டன் தேவை, உராய்வால் அதிகபட்சம் 196தான் கொடுக்க முடியும், ஆகவே முன்னால் வழுக்கும். உராய்வு பின்னால். சரியா? போட்ட பிறகு கவனித்தேன், இரண்டு பக்கமும் 40 வருகிறது, நிறையை எழுதாமலே 6ஐயும் 4.9ஐயும் ஒப்பிட்டால் போதும் போல.

இன்னொரு சந்தேகம். டைனமிக்ஸ் நோட்ஸைப் புரட்டினேன், வளைவில் போகிற வண்டிக்கு மையநோக்கு விசை என்று ஒன்று வருகிறது. அதைப் படத்தில் எந்தப் பக்கம் போடுவது? நிறை பெருக்கல் முடுக்கத்தையும் ஒரு அம்பாகப் போட வேண்டுமா?

பதில்: இயற்பியல் டீச்சர்

சரியான விடை. நிறை அடிபட்டுப் போவதைக் கவனித்தீர்களே, அது அருமை. எண்ணைப் போடுவதைக் கடைசி வரி வரைக்கும் தள்ளிப்போட்டால் இப்படிப்பட்டவை தானாகக் கண்ணில் படும். வழுக்கத் தொடங்கியபின் இயக்க உராய்வுக்கான மியூவைப் பயன்படுத்த வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், அது பொதுவாகச் சற்றுக் குறைவு.

கொலராடோ பல்கலையின் ஃபெட் (PhET) தளத்தில் விசை, இயக்கம் பற்றிய சிமுலேஷன்கள் இலவசமாக இருக்கின்றன, கைப்பேசியிலேயே திறக்கும். அம்புகளை ஆன் செய்துவிட்டு உராய்வை மாற்றிப் பாருங்கள்.

பதில்: ஆலை எஞ்சினியர்

வேண்டாம் தங்கச்சி, இரண்டையும் படத்தில் போடாதீர்கள். ‘யார் கொடுப்பது’ என்று கேளுங்கள். மையநோக்கு விசையைக் கொடுக்கிறவர் என்று தனியாக யாரும் இல்லை. உராய்வோ, கயிற்றின் இழுவிசையோ, நார்மல் விசையோ, இவற்றின் கூட்டோ மையத்தை நோக்கி இருந்தால் அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் அது. படத்தில் உண்மையான விசைகள் மட்டும். நிறை பெருக்கல் முடுக்கம் சமன்பாட்டின் வலப்பக்கம் இருக்கிற அளவு, வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு படம் போட்டு அதில் முடுக்கத்தைக் காட்டுங்கள். இடப்பக்கப் படம் விசைகள், வலப்பக்கப் படம் நிறை பெருக்கல் முடுக்கம், நடுவே சமக்குறி. டைனமிக்ஸ் முழுக்க இந்த இரண்டு படம் உங்களைக் காப்பாற்றும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள், வளைவுமேல் வளைவு. 30 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு, சாய்வு இல்லாத சமதரை, காய்ந்த சாலையில் மியூ 0.7 என்று கொள்வோம். மோட்டாரும் ஓட்டுபவரும் ஒரு பொருள். விசைகள்: எடை கீழே, நார்மல் மேலே, டயருக்குச் சாலை கொடுக்கும் உராய்வு மையத்தை நோக்கி. வேறு எதுவும் கிடையாது, வெளியே தள்ளும் விசை என்று ஒன்றும் கிடையாது. உராய்வு = நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம். உச்ச உராய்வு மியூ × நிறை × ஜி. நிறை அடிபடுகிறது. வேகத்தின் வர்க்கம் = 0.7 × 9.81 × 30, வேகம் 14.4 மீ/வி, அதாவது மணிக்கு 52 கிலோமீட்டர். மழையில் மியூ 0.4 ஆகக் குறைந்தால் 10.8 மீ/வி, மணிக்கு 39. பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் இந்த எண் மாறாது. வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால் மாறும், ஏனென்றால் அதே உச்ச அளவுக்குள் பிரேக்குக்கும் உராய்வு வேண்டும், வளைவதற்கும் வேண்டும். ஊரில் மோட்டார் ஓட்டுகிற தம்பிகளுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள், நான் உண்மையாகவே சொல்கிறேன்.

லீவுக்கு என்ன வரிசை என்று கேட்டிருந்தீர்கள். விசையைக் கூறாகப் பிரிப்பதில் கை தயங்கினால் முதலில் அதை முடித்துவிடுங்கள், படிவம் 5 இயற்பியல் புத்தகமே போதும். அப்புறம் துகளின் சமநிலை, கயிறு, கப்பி. பிறகு மொமென்டோடு சேர்ந்த திண்மப் பொருள், அதில் தாங்கிகளின் (சப்போர்ட்) வகைகள்: பின் (pin) மூட்டு என்றால் இரண்டு தெரியாத எண், உருளை என்றால் ஒன்று, சுவரில் பதித்தது என்றால் மூன்று. இந்த இடத்தில் அவசரப்படவே வேண்டாம், இது பிடிபட்டால் மற்றவை வேகமாகப் போகும். அதன்பின் உராய்வு. டிரஸ் (truss, கம்பிகளை இணைத்த சட்டகம்) கணக்குகள் நீளமாக இருக்கும், ஆனால் டைனமிக்ஸுக்கு அவை உடனே தேவைப்படாது, தள்ளி வையுங்கள். மீதி நாளில் இயக்கவியலுக்கு வகையீடு, தொகையீடு இரண்டையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள், முடுக்கம் மாறிக்கொண்டே இருக்கிற கணக்கில் எஸ்பிஎம்மில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடுகள் எதுவும் செல்லாது.

அப்பா சொன்ன வளைவு விஷயத்தைப் போட்டுப் பார்க்கும்போது, சுமை முன்னால் போகப் போக சக்கரத்தின் கீழ் நார்மல் விசை கூடுகிறது, அதனால் சக்கரத்தை இருந்த இடத்தில் திருப்புவதற்கு எதிரான உராய்வும் கூடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். படத்தை வரைந்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.